முகத்துக்காக வருத்தப்படலாமா?

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் பல ஆண்டுகள் நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று நிலையாமை. உடம்பு வாடகை வீடு, உயிர் அதில் குடியிருக்கும் ஆள். வீட்டுக்குச் சாயம் அடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்துவிடாதீர்கள் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சொல்வேன். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். ஒரு பொண்ணு மட்டும் ஒருநாள் எழுந்து, "சார், வாடகை வீடுன்னா கூரை ஒழுகுனா வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லலாம்ல?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. கன்னம் இருந்தது.

இப்போது ஐம்பத்து நான்கு. 2002-ல் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று இந்த இடத்தில் உங்கள் மனம் கேட்கும். தப்பில்லை, யாருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். ஆனால் அதை நான் சொல்லப் போவதில்லை. வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊசி வழியாக என்றால் ஒரு மாதிரி, பெண் என்றால் ஒரு மாதிரி, ஆண் என்றால் வேறு மாதிரி, ஆஸ்பத்திரி ரத்தம் என்றால் மட்டும் "ஐயோ பாவம்" என்று நீங்கள் என்னைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பீர்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தராசைப் பார்த்துவிட்டேன். இந்தக் கட்டுரை முடியும்வரை அது கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும்.

மருந்து தொடங்கியபோது என் எடை 41 கிலோ. சிடி4 என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு, கிருமியை எதிர்க்கும் படையில் அதுதான் தளபதி. நலமாக உள்ளவருக்கு அது ஐந்நூறுக்கு மேல் இருக்கும். எனக்கு 38. வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, தண்ணீர்கூட முழுங்க முடியாது. டாக்டர் மூன்று மருந்து எழுதினார்: ஸ்டாவுடின், லாமிவுடின், எஃபாவிரென்ஸ். மூன்றாவது மருந்து ராத்திரியில் விசித்திரமான கனவுகளைக் கொண்டு வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். கனவு வரத்தான் செய்தது. முதல் மருந்து என்ன செய்யும் என்பது எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த மருந்து ஆறு மாதத்தில் என்னை எழுப்பி நடக்க வைத்துவிட்டது. அதை மறக்க மாட்டேன். ஒரு வருஷத்தில் வேலைக்குத் திரும்பினேன். கிள்ளானில் ஒரு கிடங்கில் கணக்குப் பிள்ளை வேலை. பழையபடி ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய், தே தாரிக். செத்துப் போவான் என்று நினைத்த ஆள் பசியாற வந்து நின்றால் கடைக்காரர் முகத்தில் என்ன தெரியுமோ அதெல்லாம் பார்த்தேன்.

பிறகு மெதுவாக முகம் போக ஆரம்பித்தது.

முதலில் கன்னத்தில் ஒரு குழி. சரி, வயசாகிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் உள்ளே போயிற்று. சிரித்தால் வாய்க்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டினது மாதிரி தோல் மடிந்தது. கை கால்களில் கொழுப்பு கரைந்து நரம்புகள் வெளியே தெரிந்தன. பார்த்தவர்கள் உடற்பயிற்சி செய்கிறேனா என்று கேட்டார்கள். பிட்டத்தில் சதையே இல்லாமல் போனதால் கோயில் மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து ஒரு பதிகம் முடிப்பதற்குள் எலும்பு குத்தும். அதே மருந்து நரம்பையும் பாதித்ததில் பாதம் எரியும். வெயிலேறிய பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவது தீமிதி மாதிரி இருக்கும். இத்தனை கரைந்ததில் வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. ஆண்டவனுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நோயின் பெயர் அவருக்குத் தெரியாது, கடைசிவரை நான் சொல்லவில்லை. மகன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான் அவருடைய முடிவு. இரண்டு வருஷம் வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், சூப் கன்னத்தில் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுபோல. ஒருநாள் கையை நீட்டி என் கன்னத்தைத் தடவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் அழுதேன். 41 கிலோவில் கிடந்தபோதுகூட அப்படி அழுததில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகு ஒரு தாதி எனக்குப் பொறுமையாக விளக்கினார். கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ள டிஎன்ஏ என்ற சுவரைக் கல் கல்லாக எழுப்புகிறது. ஸ்டாவுடின் ஒரு போலிக் கல். அது உள்ளே போய்விட்டால் அதன்மேல் அடுத்த கல் ஒட்டாது, சுவர் அங்கேயே நின்றுவிடும். கிருமிக்கு அது நல்ல பொறி. ஆனால் நம் உயிரணுக்களுக்குள் எரிசக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக டிஎன்ஏ உண்டு. போலிக் கல் அங்கேயும் போய்ச் சிக்கிக்கொள்கிறது. எரிசக்தி இல்லாமல் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பணுக்கள் செத்துப் போகின்றன. முகத்திலும் கை கால்களிலும் அது அதிகம். மருந்தை நிறுத்தினால் சரிவது நிற்கும். போனது முழுசாகத் திரும்பாது. எனக்கு 2007-ல் மருந்தை மாற்றினார்கள். அதற்குள் போக வேண்டியதெல்லாம் போய்விட்டது.

வங்கியில் ஒருநாள் முகப்பில் இருந்த பெண் என் அடையாளக் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கார்டைப் பார்த்தாள். கார்டில் இருந்தது 2001-ல் எடுத்த படம். "இது உங்கள் கார்டுதானா?" என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டாள். கட்டைவிரலை அந்தச் சின்னப் பெட்டியில் வைக்கச் சொன்னாள். விரல் ரேகை சரியாக இருந்தது. "ஓகே, நீங்கதான்" என்றாள்.

அந்த "நீங்கதான்" வீட்டுக்கு வரும்வரை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் அதேதானே? முகம் நீ இல்லை, உள்ளே இருப்பதுதான் நீ. ஒரு இயந்திரம் அதை ஒத்துக்கொண்டுவிட்டது. எனக்கு ஏன் ஆறுதலாக இல்லை?

கோயிலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம், இன்றைக்கும் நான் போகிற கோயில்தான். ஸ்டாவுடின் சாப்பிட்டவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே முகமாக ஆகிவிடுகிறோம். எங்கள் வட்டாரத்தில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கு அந்த முகம். போதைப் பித்தன் என்று முதலில் பேசினார்கள், அப்புறம் யாரோ சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். வாயால் நான் யாரிடமும் சொல்லாததை என் முகம் ஊருக்கே சொல்லிவிட்டது. ஒரு பௌர்ணமி அன்னதானத்தில் சாம்பார் வாளியை எடுக்கப் போனபோது பொறுப்பில் இருந்த அண்ணன், "நீங்க உக்காருங்கண்ணே, பசங்க பரிமாறட்டும்" என்றார். ரொம்ப அன்பான குரல். சாம்பாரில் எச்.ஐ.வி. போகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உட்கார்ந்தேன். அடுத்த வாரத்திலிருந்து சமய வகுப்புக்கும் வேறு ஆசிரியர் வந்தார்.

அந்தச் சமயத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் நம் சமயத்திலிருந்துதான் எடுத்துச் சொன்னார்கள். "உடம்புதானேண்ணே, அதுல என்ன இருக்கு?" என்றார் ஒருவர். கீதையில் பழைய துணியைக் களைந்து புதிய துணி உடுத்துவதுபோல என்று வருகிறதே, அதை நினைவூட்டினார் இன்னொருவர். "உசுரோட இருக்கீங்களே, அதுக்கு நன்றி சொல்லுங்க" என்றார் மூன்றாமவர். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுகூடத் தவறான தத்துவமும் இல்லை. இருந்தும் ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் எனக்கு வாய் அடைத்துப் போகும். நோயும் மருந்தும் செய்யாததை அந்த வார்த்தைகள் செய்தன. இதைத்தான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையான ஒரு வார்த்தை ஏன் ஒரு மனிதனை ஊமையாக்குகிறது?

கீதையின் அந்த உவமை இறப்பைப் பற்றியது. போர்க்களத்தில், கொல்லவும் சாகவும் போகிற ஒருவனிடம் சொன்னது. நான் துணியைக் களையவில்லையே, கிழிந்ததை உடுத்திக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். கிழிந்த சட்டையோடு வெளியே வந்தவனிடம், "ஒருநாள் எல்லாச் சட்டையையும் கழற்றத்தானே போகிறோம்" என்று சொன்னால் அவனுக்கு என்ன உதவி?

அறுபத்து மூவர் சன்னிதியில் ஒருநாள் காரைக்கால் அம்மையாரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, கையெல்லாம் நரம்பாக. அந்த வரிசையில் என் முகம் உள்ளவர் அவர் ஒருவர்தான். ஒரு அக்கா பக்கத்தில் வந்து, "அம்மையார இறைவனே அம்மையேன்னு கூப்பிட்டாரு தம்பி, அழகுல என்ன இருக்கு" என்றார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் கணக்கு இடித்தது. அம்மையார் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கியவர். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று தசைப் பொதியை உதறினார். அது கொடுத்தது. என்னுடையது எடுத்துக்கொள்ளப்பட்டது. தானம் செய்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் கை ஒரே மாதிரி காலியாக இருக்கும், அதற்காக இரண்டு பேரும் ஒரே மனநிலையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? துறவு என்பது துறக்கிறவர் தன் வாயால் சொல்ல வேண்டியது. இன்னொருவர் என் சார்பில் என் கன்னத்தைத் துறந்துவிட முடியாது.

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தவர் சுந்தரர். கதை உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து மணந்துகொண்டு, திருவாரூர் நினைப்பில் அந்தச் சத்தியத்தை மீறி எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தப்பு யாருடையது? சந்தேகமே இல்லை, அவருடையதுதான். ஆனால் அவர் "என் வினை, அனுபவிக்கிறேன், கண்ணுதானே" என்று வாயை மூடிக்கொண்டு நடந்தாரா? இல்லை. வழியெல்லாம் பாடுகிறார். கெஞ்சுகிறார், வாதாடுகிறார், தோழன் என்ற உரிமையில் குத்தலாகவே பேசுகிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, போதும் என்று நிற்கவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண். நடுவில் திருத்துருத்தியில் உடம்பில் கண்ட பிணியும் குளத்தில் மூழ்கி நீங்குகிறது. ஒவ்வொரு ஊரிலும் இன்னும் தரவில்லையே என்றுதான் கேட்கிறார்.

அந்தப் பாடல்களைத் திருமுறையில் சேர்த்து வைத்திருக்கிறோம். திருமுறை ஓதும் விழாவில் பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசு கொடுக்கிறோம். கண் போனதற்காகக் குறைப்பட்ட, அதுவும் தன் தப்பினாலேயே கண்ணை இழந்த ஒருவரின் புலம்பல் நமக்கு மந்திரம். கண்ணாடி முன்னால் நின்று ஒருவன் குறைப்பட்டால் மட்டும் அவனுக்கு நிலையாமைப் பாடம். வகுப்பில் அந்தப் பொண்ணு கேட்டது சரியான கேள்வி. நான்தான் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன்.

கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

"எப்படி வந்தது" என்ற தராசையும் இங்கேதான் நான் கீழே வைத்தேன். கண் போனதற்குக் காரணம் தெரிந்த பிறகும் ஊன்றுகோல் கொடுக்கப்பட்டது. காரணத்தை விசாரித்து முடித்த பிறகுதான் கோல் என்று ஒரு நிபந்தனை அந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

சரி, நன்றி? அதுதான் கொஞ்சம் சிக்கலான விஷயம். எனக்கு நன்றி உண்டு, நிறையவே உண்டு. 1990-களின் பிற்பாதியில் கூட்டு மருந்து வந்தபோது அதன் விலை நம்மைப் போன்றவர்கள் நெருங்க முடியாதது. 2001-ல் இந்தியாவின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முடியும் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2003-ல் நம் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் தனக்கு இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அதே நிறுவனத்திலிருந்து சில எச்.ஐ.வி. மருந்துகளை மலிவாகத் தருவிக்க வழி செய்தது. ஆசியாவில் அப்படிச் செய்த முதல் நாடுகளில் நாமும் ஒன்று என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்டாவுடினும் மலிவு என்பதால்தான் ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மலிவு, குளிர்பெட்டி வேண்டாம், சீக்கிரம் வேலை செய்யும்.

அதே மருந்தைப் பணக்கார நாட்டு மருத்துவர்கள் முன்னதாகவே கைவிடத் தொடங்கிவிட்டார்கள். காரணம் இந்த முகம்தான், இந்தப் பாதம்தான். எல்லா நாடுகளும் அதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2009-ல். அதற்கு முன்பே, 2004-ல், அமெரிக்காவில் எச்.ஐ.வி. மருந்தால் ஒட்டிய கன்னத்துக்கென்றே ஊசி வழியாக நிரப்பும் ஒரு பொருளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அது இங்கேயும் தனியார் கிளினிக்கில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஒருமுறை போய் விசாரித்தேன். பல மாதச் சம்பளம். பல தடவை போட வேண்டும், சில வருஷத்தில் கரைந்துவிடும், மறுபடியும் போட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டால் அது அழகு சிகிச்சை, உயிர் காக்கும் சிகிச்சையில் சேராது என்றார்கள். நியாயம்தான். வரிசையில் நிற்கும் இன்னொருவனின் உயிர் மருந்தை எடுத்து என் கன்னத்தில் வைக்கச் சொல்ல என்னால் முடியாது.

மறுபடியும் 2002 வந்து அதே மூன்று மருந்தை நீட்டினால் வாங்கி முழுங்குவேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டேன். அதனால் என் முகம் போனது நஷ்டம் இல்லை என்று ஆகிவிடுமா? வெள்ளத்தில் ஒருவனைக் கையைப் பிடித்து இழுக்கிறோம், பிடித்த பிடியில் தோள் எலும்பு முறிந்துவிடுகிறது. காப்பாற்றியவரைக் கும்பிடுவான். தோளும் வலிக்கும். கும்பிடுகிறாயே, பின் ஏன் வலிக்கிறது என்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள். "உயிரோடு இருப்பதே பெரிசு" என்பது நான் கண்ணாடியைப் பார்த்து எனக்கே சொல்லிக்கொண்டால் அது பக்தி. நீங்கள் என்னிடம் சொன்னால், அதற்கு மேல் எதுவும் கேட்காதே என்றுதான் என் காதில் விழுகிறது.

திருமூலர் முதலில் உடம்பை இழிவாக எண்ணியதையும், பிறகு உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதையும் தாமே சொல்கிறார். அதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பேணுவது என்றால் யோகம், உணவு, ஒழுக்கம் என்று பலகையில் எழுதிப் போட்டேன். பேணுகிற ஒன்று சிதைந்தால் மனசு வலிக்கும் என்பதை எழுதவில்லை. கோயிலில் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தில் ஒரு மூக்கு உடைந்தால் கமிட்டி கூட்டம் போடுகிறோம்.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வருஷம் என்னைத் தேடி வந்த ஒரு பையன். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் எதையும் விடவில்லை. இருபத்து இரண்டு வயது. இளைஞர் பிரிவில் முன்னால் நிற்கிற பையன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, "அண்ணே, தண்ணி குடிக்கலாமா?" என்றான். கடையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஐஸ் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க மூஞ்ச பாத்துத்தான் வந்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு அவனுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. கிளினிக்கில் உடனே மருந்து தொடங்கலாம் என்று சொல்லியும் திரும்பப் போகவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"மருந்து சாப்பிட்டா உங்க மாதிரி ஆயிடுமா?"

அப்போதுதான் உறைத்தது. இந்த முகம் சாம்பார் வாளியை மட்டும் என்னிடமிருந்து வாங்கவில்லை. ஒரு பையன் மூன்று மாதமாக இதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு, மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். என்னைக் காப்பாற்றியதன் தழும்பு அவனைக் கொல்லப் பார்க்கிறது.

அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்து நின்றது எது தெரியுமா? "முகத்துல என்னப்பா இருக்கு, உசுருதான் முக்கியம்." இத்தனை வருஷம் யாரெல்லாம் சொல்லி என் வாயை அடைத்தார்களோ அதே வார்த்தை. எவ்வளவு சுலபமாக வருகிறது! சொல்லியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டு, என் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி, எழுந்து போயிருப்பான். திரும்ப வந்திருக்க மாட்டான். முகம் போனவன் முகம் பெரிசில்லை என்று சொன்னால் அதை யார் நம்புவார்கள்?

"எனக்கு இது ரொம்பக் கஷ்டம்டா தம்பி," என்றேன். "காலைல பல்லு விளக்கும்போது இன்னும் கண்ணாடிய நேரா பாக்க மாட்டேன். நீ பயப்படுறது நியாயமான பயம்."

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம்தான் மருந்தைப் பற்றிச் சொன்னேன். என் முகத்தைத் தின்ற மருந்து இப்போது யாருக்கும் தொடக்க மருந்தாகக் கொடுக்கப்படுவதில்லை. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. அதில் கன்னம் இப்படிக் கரைவதில்லை. சிலருக்கு எடை கூடுகிறது என்பதுதான் இப்போதைய புகார். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்கு அது பரவாது. ஆயிரக்கணக்கான ஜோடிகளைப் பல வருஷம் கவனித்த ஆய்வுகளில் இது உறுதியாகியிருக்கிறது. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றிதழே கொடுத்திருக்கிறது. பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏதாவது மாறினால் அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போதே சொல், என்னைப் போல மூன்று வருஷம் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்காதே என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ஏண்ணே அந்தக் காலத்துல நிறுத்தல? மூஞ்சி போறது தெரிஞ்ச பிறகும்?" என்றான்.

"அம்மா இருந்தாங்கடா."

மறுநாள் காலை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். காத்திருக்கும் நாற்காலியில் உட்கார முதுகுப் பையிலிருந்து என் சின்ன மெத்தையை எடுத்துப் போட்டேன், எலும்பு குத்துமே. "எங்கண்ணே வாங்குனீங்க இத?" என்று சிரித்தான். பெயர் கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போனான்.

போன மாதம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். புது ஜிப்பா, நெற்றியில் விபூதி, வாயெல்லாம் பல். "அண்ணே, அஞ்சு கிலோ ஏறிட்டேன், கன்னம் உப்பிப் போச்சு, அம்மா டயட் பண்ணச் சொல்றாங்க" என்று கீழே எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கி அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.